முயற்சிக்குச் சாட்சி யார்?

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் திகதி லண்டன் ஒலிம்பிக் மைதானத்தில் ஆண்களுக்கான 800 மீற்றர் ஓட்டத்தின் முதற்சுற்றுப் போட்டிகள் நடைபெற்றன. அவற்றுள் ஒன்றில் ஓடத் தொடங்கிய அல்ஜீரிய வீரர் தௌபீக் மக்லூபி, மற்றவர்களைப் போகவிட்டுப் பின்தங்கினார். ஒரு சுற்றைக்கூட முடிக்காமல் ஓடுபாதையை விட்டு விலகி, மைதானத்தின் உட்புறமாக நடந்து போனார். யாரும் அவரைத் தள்ளிவிடவில்லை; அவர் விழவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஒரு மனிதர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடந்தார். பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய நாள் அவர் 1500 மீற்றர் அரையிறுதியை ஓடி இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தார். அந்த இறுதிப் போட்டி மறுநாள், 7ஆம் திகதி, நடைபெறவிருந்தது. இரண்டுக்கும் நடுவே வந்து நின்றது இந்த 800 மீற்றர். அவருக்கு அதில் ஓடும் எண்ணமே இருக்கவில்லை என்றும், அவரது நாட்டுச் சம்மேளனம் குறித்த நேரத்துக்குள் அவரது பெயரை மீளப் பெறத் தவறிவிட்டது என்றும் அப்போது செய்திகள் வெளிவந்தன. பெயர் பட்டியலில் இருந்தது. எனவே அவர் ஆரம்பக் கோட்டில் வந்து நிற்க வேண்டியதாயிற்று.

மைதான மத்தியஸ்தர் அவரைப் போட்டிகளிலிருந்து வெளியேற்றினார். 800 மீற்றரிலிருந்து மட்டுமல்ல, மறுநாள் 1500 மீற்றரிலிருந்தும். அக்காலத்துச் சர்வதேச மெய்வல்லுநர் போட்டி விதிகளில் 142ஆம் விதி இதற்கு இடமளித்தது. நேர்மையான, உண்மையான முயற்சியுடன் போட்டியிடத் தவறும் வீரரை அந்தப் போட்டித்தொடரின் எஞ்சிய எல்லா நிகழ்ச்சிகளிலிருந்தும் விலக்கலாம் என்பது அதன் சாரம். சில மணித்தியாலங்கள் கழிந்தன. ஏற்பாட்டுக் குழுவின் வைத்தியர் ஒருவர் அவரைப் பரிசோதித்தார், முழங்காலில் பாதிப்பு உண்டு என்ற சான்றிதழ் முன்வைக்கப்பட்டது, வெளியேற்றம் இரத்தானது. மறுநாள் மக்லூபி ஓடினார். கடைசி 300 மீற்றரில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே போய் 3 நிமிடம் 34.08 செக்கன்களில் தங்கப் பதக்கம் வென்றார். அமெரிக்காவின் லியோனல் மன்சானோ 3:34.79, மொரோக்கோவின் அப்துல் ஆதி இகிதர் 3:35.13. முதல்நாள் வெளியே இருந்தேன், இன்று உள்ளே வந்தேன், எல்லாம் இறைவனின் நாட்டம் என்ற பொருளில் மக்லூபி செய்தியாளர்களிடம் கூறியதாகப் பத்திரிகைகள் எழுதின. சில மேலைநாட்டுப் பத்திரிகைகளுக்கு அந்த வாசகம் இன்னும் எரிச்சலூட்டியது. ஒரு நாளில் குணமாகும் முழங்கால் பற்றி நிறையக் கேலிகள் எழுதப்பட்டன.

கேலியை அவர்களிடமே விட்டுவிடுவோம். என்னைச் சிந்திக்க வைப்பது அந்த விதிதான். ஒரு மனிதன் உண்மையாக முயன்றானா இல்லையா என்பதற்கு இன்னொரு மனிதன் சாட்சியாக இருக்க முடியுமா? முடியாதெனில், முயலாமையை எப்படிக் குற்றமாக்குவது?

மத்தியஸ்தர் கண்டது கால்களை. விதி கேட்பது உள்ளத்தை. இரண்டுக்கும் இடையில் பாலம் இல்லை. வெளிப்படையைக் கொண்டு தீர்ப்பளிப்பதோடு நீதிபதியின் எல்லை முடிந்துவிடுகிறது, உள்ளே இருப்பது அவரது அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பது நமது சட்ட மரபில் நன்கு பழகிப்போன கருத்து. எண்ணத்தை வைத்தே செயலை எடை போட வேண்டும் என்று கற்பிக்கும் அதே மரபு, அந்த எடைபோடும் வேலையை மட்டும் மனிதரிடம் ஒப்படைக்கவில்லை. மக்லூபி மீதான தீர்ப்பு இந்த எல்லையைத் தாண்டியது. எவ்வளவு தூரம் தாண்டியது என்பதை அறிய, அந்தக் காலைப் பொழுதை சற்றே மாற்றிக் கற்பனை செய்து பார்த்தால் போதும். அவர் நடக்காமல் மெதுவாக ஓடியிருக்கலாம். கடைசி ஆளாக, முகத்தைச் சற்றுச் சுளித்துக்கொண்டு, 1 நிமிடம் 55 செக்கன்களில் முடித்திருக்கலாம். அவரைப் போன்ற ஒருவருக்கு அது மெதுவோட்டம். மறுநாளைக்கான கால்கள் களைத்திரா. மைதானம் கைதட்டியிருக்கும், மத்தியஸ்தர் எதையும் எழுதியிருக்க மாட்டார், விதிக்கு ஒரு கீறலும் விழுந்திராது. உண்மையில் வேறுபாடு என்ன? நடித்திருந்தால் தப்பியிருப்பார். நடிக்காததால் அகப்பட்டார்.

ஆகவே இவ்விதி தண்டிப்பது முயலாமையை அல்ல, முயல்வதுபோற் காட்டாமையை. முகஸ்துதி என்ற நோயைப் பற்றி இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் விரிவாகப் பேசுகிறார். பிறர் பார்ப்பதற்காகச் செய்யும் நற்செயல் செயலையே அரித்துவிடும் என்பது நமக்குச் சிறுவயது முதலே சொல்லித்தரப்பட்ட பாடம். விளையாட்டு மைதானத்தில் அந்த நோய் தலைகீழாகி, அது இல்லாதவர் குற்றவாளி ஆகிறார். இது பெரிய முரண்பாடாக எனக்குப் படுகிறது.

இதற்கு உடனடியாக ஒரு மறுப்பு வரும். அதே லண்டனில், அதே வாரத்தில், பெண்கள் இரட்டையர் பூப்பந்தாட்டத்தில் நான்கு சோடிகள் வெளியேற்றப்பட்டன. சீனாவிலிருந்து ஒன்று, தென்கொரியாவிலிருந்து இரண்டு, இந்தோனேசியாவிலிருந்து ஒன்று. அடுத்த சுற்றில் வசதியான எதிரணி கிடைக்கும் என்பதற்காக, இரு தரப்பும் தோற்பதற்கே போட்டியிட்டன. பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்தார்கள். காசு கொடுத்து வந்திருந்த இரசிகர்கள் கூக்குரலிட்டார்கள். வெற்றிக்காக முழுத் திறமையையும் பயன்படுத்தவில்லை என்பதே அவர்கள் மீதான குற்றச்சாட்டு. அவர்களை வெளியேற்றியது சரியென்றால் மக்லூபியை வெளியேற்றியதும் சரிதானே?

இரண்டும் ஒன்றல்ல. பூப்பந்தாட்டத்தில் என் எதிரியின் விளையாட்டு என் முயற்சியால் ஆனது. நான் அடிக்காவிட்டால் அவருக்குத் திருப்பி அடிக்க எதுவும் இல்லை. நான் கைவிடும்போது அவரது ஆட்டத்தையும் சேர்த்தே கைவிடுகிறேன். தோல்வியைத் தேடும் ஆட்டக்காரர், யார் யாரைச் சந்திப்பது என்ற முழு அட்டவணையையும் புரட்டிப்போடுகிறார். 800 மீற்றரில் மக்லூபி விலகியபோது உடன் ஓடியவர்கள் எதை இழந்தார்கள்? எதையுமே இல்லை. அடுத்த சுற்றுக்குப் போக வேண்டிய அவர்களுக்கு ஒரு பலமான போட்டியாளர் குறைந்தார். 1500 மீற்றர் இறுதியில் அவரை எதிர்கொள்ளவிருந்த பதினொரு பேரும் எதையும் இழந்ததாகத் தெரியவில்லை. அவர் களைத்துப்போய் வர வேண்டும் என்று கோரும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? தமது நாட்டுச் சம்மேளனம் செய்யத் தவறிய ஓர் எழுத்து வேலையின் விலையை அவர் தன் கால்களால் செலுத்த வேண்டும் என்பது வேடிக்கையான நீதி.

இன்னொரு சம்பவத்தையும் இங்கே நினைவுகூரலாம். ஆகஸ்ட் 2ஆம் திகதி பிரித்தானியாவின் சைக்கிளோட்ட அணி, வேகப் போட்டியின் தகுதிகாண் சுற்றில் மோசமாகத் தொடங்கியது. பிலிப் ஹைண்ட்ஸ் என்ற வீரர் விழுந்தார். விதிப்படி மீண்டும் தொடங்க வாய்ப்புக் கிடைத்தது. அன்றே அந்த அணி தங்கம் வென்றது. வேண்டுமென்றே விழுந்தேன் என்று ஹைண்ட்ஸ் வாய்விட்டுச் சொன்னார். பிறகு, அவர் ஜேர்மனியில் பிறந்தவர், ஆங்கிலம் அவரது முதல் மொழி அல்ல, பேச்சில் பிழை நேர்ந்துவிட்டது என்று அணியினர் விளக்கம் கொடுத்தார்கள். முடிவு மாறவில்லை. ஒரே வாரத்தில் மூன்று நிகழ்வுகள்: தோற்க முயன்றவர்கள் வெளியே; விழுந்ததாகத் தாமே சொன்னவர் உள்ளே; நடந்து போனவர் வெளியே போய், ஒரு தாள் கிடைத்ததும் உள்ளே. இவற்றை ஒரே கோட்பாட்டின் கீழ் கொண்டுவர முயல்பவருக்கு என் அனுதாபங்கள்.

இனி விடயத்தின் வேருக்கு வருவோம். மத்தியதூர ஓட்டத்தில் முயற்சி என்றால் என்ன?

நூறு மீற்றர் ஓட்டத்தில் இந்த வினா எழாது. துப்பாக்கி வெடித்தது முதல் கோட்டைத் தொடும் வரை உள்ளதையெல்லாம் கொடுப்பதே அங்கே ஓட்டம். 1500 மீற்றர் அப்படியல்ல. அது ஒதுக்கி வைப்பதன் கலை. எவர் எப்போது எதைக் கொடுக்காமல் வைத்திருக்கிறார் என்பதே அங்கே போட்டி. 2016 ரியோ ஒலிம்பிக்கின் 1500 மீற்றர் இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே போக யாரும் விரும்பவில்லை. முதல் 400 மீற்றருக்கு 66 செக்கன்களுக்கு மேல் எடுத்தார்கள். 800 மீற்றரைக் கடக்கும்போது 2 நிமிடம் 16 செக்கன்கள் கடந்திருந்தன. பாடசாலைப் போட்டியில் நல்ல மாணவன் ஒருவன் ஓடக்கூடிய வேகம் அது. கடைசிச் சுற்றில் எல்லோரும் வெடித்தார்கள். அமெரிக்காவின் மத்தியூ சென்ட்ரோவிட்ஸ் அச்சுற்றை 51 செக்கன்களுக்குள் ஓடி 3 நிமிடம் 50.00 செக்கன்களில் வென்றார். 1932க்குப் பின்னர் ஒலிம்பிக்கில் இவ்வளவு மெதுவாக இந்தத் தங்கம் வெல்லப்பட்டதில்லை. மக்லூபி 3:50.11இல் இரண்டாவது. ஹிஷாம் அல் குர்ரூஜ் 1998இல் ரோம் நகரில் நிலைநாட்டி, கால் நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்த உலக சாதனையோ 3:26.00.

ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின், அதே ரியோவில், மாற்றுத்திறனாளிகளுக்கான பரா ஒலிம்பிக் நடைபெற்றது. பார்வைக் குறைபாடுடையோர் பிரிவொன்றின் 1500 மீற்றரில் அல்ஜீரியாவின் அப்துல் லதீப் பாகா 3:48.29இல் வென்றார். எத்தியோப்பியரும் கென்யரும் அவரைத் தொடர்ந்தனர். நான்காவதாக வந்து பதக்கம் இழந்தவர் அப்துல் லதீபின் சகோதரர் பவாத் பாகா; அவரது நேரம் 3:49.84. நான்கு பேருமே ஒலிம்பிக் தங்கத்தின் நேரத்தை விட விரைவாக ஓடியிருந்தார்கள். உலகப் பத்திரிகைகள் இதை ஓர் அற்புதமாக எழுதின. ஒலிம்பிக் வீரர்களை விட அவர்கள் வேகமானவர்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. அப்படி எழுதியவர்கள் ஓட்டத்தை அறியாதவர்கள். ஆனால் என் வினா வேறு. ரியோ ஒலிம்பிக் இறுதியில் நின்ற அத்தனை பேரும் முதல் இரு சுற்றுகளில் முயலவில்லை. அறுபதாயிரம் கண்களுக்கு முன்னால், உலகம் பார்த்துக்கொண்டிருக்கையில், வேண்டுமென்றே முயலவில்லை. 142ஆம் விதியை யாரும் நினைக்கவில்லை. ஏனென்றால் அது தந்திரம் எனப்பட்டது. தந்திரமாக முயலாமல் இருந்தால் அது முயற்சியின் பகுதி. மறுநாள் பந்தயத்துக்காக முயலாமல் இருந்தால் அது குற்றம். முதல் 800 மீற்றரைக் கடைசி 400க்காகச் சேமிப்பதற்கும், திங்கட்கிழமையைச் செவ்வாய்க்கிழமைக்காகச் சேமிப்பதற்கும் இடையே ஒழுக்க ரீதியில் எங்கே கோடு கிழிப்பது? என்னால் கிழிக்க முடியவில்லை.

இன்னொரு வகையினரும் உண்டு. வெல்வதற்காக அன்றி, வேறொருவர் வெல்வதற்காக ஓடுபவர்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், கடல்மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேல் உயரத்தில், கென்யாவின் பென் ஜிப்சோ 1500 மீற்றர் இறுதியின் முதற்சுற்றை 56 செக்கன்களில் ஓடினார். அந்த மெல்லிய காற்றில் அது தற்கொலைக்கு ஒப்பான வேகம். நோக்கம் ஒன்றுதான்: கடைசிச் சுற்றில் அபாரமாகப் பாயக்கூடிய அமெரிக்கர் ஜிம் ரயனின் கால்களில் அந்தப் பாய்ச்சல் மிஞ்சாதபடி, தன் நாட்டவர் கிப் கெய்னோவுக்கு வழிசெய்வது. கெய்னோ 3:34.91இல் வென்றார். ரயன் ஏறத்தாழ மூன்று செக்கன்கள் பின்னால் வந்தார். ஜிப்சோ கரைந்துபோய்ப் பின்னால் எங்கோ வந்து சேர்ந்தார். 2000 சிட்னியிலும் இதே காட்சி. மொரோக்கோவின் யூசுப் பாபா முன்னால் ஓடி அல் குர்ரூஜுக்கு வேகம் இழுத்துக் கொடுத்தார். அன்று அது பலிக்கவில்லை. கடைசி மீற்றர்களில் கென்யாவின் நோவா ஞெனி முந்திக்கொண்டார், 3:32.07க்கு 3:32.32.

ஜிப்சோவும் பாபாவும் முயன்றார்களா? உடல் முயன்றது, மிகக் கடுமையாக முயன்றது. ஆனால் தமது வெற்றிக்காக அல்ல. விதியின் சொற்களை அப்படியே பிடித்துக்கொண்டால் அவர்களும் குற்றவாளிகளே, ஏனெனில் இறுதிப் போட்டியில் நின்றுகொண்டு தாம் வெல்வதற்கு அவர்கள் போட்டியிடவில்லை. எவரும் அவர்களைக் கேட்கவில்லை. ஆனால் ஜிப்சோ பல ஆண்டுகள் கழித்து ரயனிடம் மன்னிப்புக் கேட்டார் என்பது பதிவாகியிருக்கிறது. எந்த மத்தியஸ்தரும் குறிக்காத ஒன்றை அவர் தனக்குள்ளே குறித்து வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்கத் தேவையே இல்லை என்று நான் நினைக்கிறேன். ஒரு குழு தன் ஆளுக்காக உழைத்ததில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஆனால் என் கருத்து இங்கே முக்கியமல்ல. தன் முயற்சி யாருக்காக இருந்தது என்பதை அறிந்த ஒரே சாட்சி அவர்தான். அந்தச் சாட்சி தன் வாக்குமூலத்தைத் தானாக வந்து கொடுத்தது.

முழு முயற்சி செய்தால் மட்டும் ஓட்டம் நேர்மையாகிவிடும் என்பதும் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 1500 மீற்றர் தங்கத்தை வென்றவர் மொரோக்கோவில் பிறந்து பஹ்ரைனுக்காக ஓடிய ரஷீத் ரம்ஸி. அவர் முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு, தடைசெய்யப்பட்ட மருந்து கண்டுபிடிக்கப்பட்டுப் பதக்கம் பறிபோனது. அது கென்யாவின் அஸ்பெல் கிப்ரொப்புக்குக் கிடைத்தது. 2017இல் எடுக்கப்பட்ட சோதனையில் அதே கிப்ரொப் அகப்பட்டு 2019இல் நான்காண்டுத் தடை பெற்றார். முயற்சியைக் கூட்டிக் காட்டிய குற்றத்துக்கு இரத்தம் சாட்சி சொல்லும். ஆய்வுகூடத்தில் அதை அளக்கலாம். குறைத்துக் காட்டிய குற்றத்துக்கு எந்தக் குப்பியிலும் சாட்சி கிடையாது. லண்டனில் மக்லூபி வென்ற அதே இறுதியில் கிப்ரொப் கடைசியாக, 3:43.83இல், வந்து சேர்ந்தார். காயம் என்று சொல்லப்பட்டது. அவரிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கோட்டைக் கடந்தவரிடம் கேட்பதில்லை.

சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. நமது கந்தோர்களில் ‘மெடிக்கல் போடுதல்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. லீவு மறுக்கப்படும் இடத்தில்தான் மெடிக்கல் பிறக்கிறது. மக்லூபியின் முழங்கால் உண்மையிலேயே வலித்திருக்கலாம். பல மாதங்கள் கடும் பயிற்சி செய்த எந்த ஓட்டக்காரரின் முழங்காலிலும் வைத்தியர் தேடினால் ஏதாவது கிடைக்கும். அவர் பொய் சொன்னார் என்று சொல்லும் உரிமை எனக்கோ அந்தப் பத்திரிகைகளுக்கோ இல்லை. ஆனால் விதி அமைந்திருந்த விதத்தைப் பாருங்கள். ‘நாளை ஓடுவதற்காக இன்று ஓய்வெடுக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் வெளியே. ‘வலிக்கிறது’ என்று சொன்னால் உள்ளே. முதல் வாக்கியம் உண்மையாக இருந்தாலும் அதற்குக் கதவு இல்லை. இரண்டாவது பொய்யாக இருந்தாலும் அதற்குக் கதவு உண்டு. நேர்மையைக் காப்பதற்காக எழுதப்பட்ட விதி, நேர்மையான பதிலுக்கு மட்டும் இடம் வைக்கவில்லை. அன்று மத்தியஸ்தரும் வைத்தியரும் வீரரும் மூவரும் சேர்ந்து அந்தத் தாளினால் தப்பித்துக்கொண்டார்கள். வினா மட்டும் அங்கேயே கிடந்தது.

விதியே வேண்டாம் என்கிறாரா இவர் என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். அப்படியல்ல. பணம் வாங்கிக்கொண்டு தோற்பவர் இருக்கிறார். சூதாட்டக்காரருக்காக மெதுவாக ஓடுபவர் இருக்கலாம். அங்கே ஏமாற்றப்பட்டவர் ஒருவர் உண்டு, கைமாறிய பொருள் உண்டு, சாட்சி உண்டு. அவற்றைத் தண்டிக்கட்டும். வஞ்சகத்தைத் தண்டிக்க முடியும், ஏனென்றால் அது இரண்டு மனிதர்களுக்கு இடையில் நடப்பது. முயற்சி ஒரு மனிதனுக்குள்ளே நடப்பது. வரிசையில் இடம்பிடித்து இன்னொருவரின் வாய்ப்பைக் கெடுத்தார் என்று சிலர் வாதிட்டதையும் படித்தேன். அது பெயர்ப் பட்டியலின் பிரச்சினை. பட்டியலை எழுதியவர்களிடம் போய்க் கேட்க வேண்டியது.

மக்லூபி விட்டுச் சென்ற 800 மீற்றருக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் இறுதிப் போட்டி ஆகஸ்ட் 9ஆம் திகதி நடந்தது. கென்யாவின் டேவிட் ருதிஷா தொடக்கத்திலேயே முன்னால் போனார். வேகம் இழுத்துக்கொடுக்க யாரும் இல்லாமல், ஒளித்துவைக்க எதுவும் இல்லாமல் ஓடி 1 நிமிடம் 40.91 செக்கன்களில் உலக சாதனை படைத்தார். பின்னால் வந்த ஏழு பேரும் அந்த வேகத்தில் இழுபட்டுப் போனார்கள். எட்டாவதாக, கடைசியாக, வந்த பிரித்தானிய வீரரின் நேரம் 1:43.77. முந்தைய மூன்று ஒலிம்பிக்குகளிலும் அந்த நேரத்துக்குத் தங்கம் கிடைத்திருக்கும். மத்தியதூர ஓட்டத்தில் இப்படியொரு பந்தயம் மிக அரிது. அந்த எட்டுப் பேரையும் அவ்வாறு ஓட வைத்தது 142ஆம் விதி என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். ஒருவர் தன்னிடமிருந்ததையெல்லாம் முதலடியிலிருந்தே கொடுத்தார், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டு பின்னால் வர மனம் ஒப்பவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து ரியோவில் மக்லூபி இரு நிகழ்ச்சிகளிலும் பெயர் கொடுத்தார். இம்முறை 800 மீற்றரில் எல்லாச் சுற்றுகளையும் ஓடினார். இறுதியில் ருதிஷா 1:42.15, அவர் 1:42.61, அப்போது அது அல்ஜீரியாவின் தேசிய சாதனை. அந்தக் களைப்போடு 1500 மீற்றருக்குப் போய் இரண்டாவது வெள்ளியையும் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் அல்ஜீரியாவுக்குக் கிடைத்த பதக்கங்கள் அவை இரண்டே. பதக்கங்கள் கழுத்தில் இருக்கையிலேயே அவர் தன் நாட்டு விளையாட்டு அதிகாரிகளைப் பகிரங்கமாகச் சாடினார்; வீரர்களை ஆயத்தப்படுத்துவதில் அவர்கள் கடமையைச் செய்யவில்லை என்றார். யார் முயலவில்லை என்ற குற்றச்சாட்டு அம்முறை எதிர்த் திசையில் போயிற்று.